பந்து இல்லாமல் ஓடுவது

என் கணவர் கால்பந்து ஆடுகிறவர். நான் கால்பந்து பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள். இந்த வேலைக்கு வரும்வரை நான் ஒரு ஆட்டத்தை முழுதாக உட்கார்ந்து பார்த்ததில்லை. நாமக்கல்லில் ஒரு கோழித்தீவனக் கம்பெனியில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கிளையை மூடியபோது, சேலத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்குப் பகல் வேலை இருக்கிறது என்று ஒரு தோழி சொன்னாள். நேர்காணலில் கால்பந்து தெரியுமா என்று கேட்டார்கள். வீட்டுக்காரர் ஆடுவார் என்றேன். சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டார்கள்.

சேலத்தில் ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் ஆபீஸ், நாமக்கல்லிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். ஐரோப்பாவில் நடந்து முடிந்த ஆட்டங்களின் வீடியோ எங்களுக்கு வரும். ஒவ்வொரு பாஸையும் ஒவ்வொரு உதையையும் யார் செய்தார், எங்கே செய்தார், என்ன ஆனது என்று கம்ப்யூட்டரில் குறிக்க வேண்டும். அந்தக் குறிப்புகளை அங்கே உள்ள கிளப்புகள் வாங்கிக்கொள்கின்றன. எனக்குக் கொடுத்த பிரிவின் பெயர் பிரெஸ்ஸிங். எதிர் அணிக்காரர் காலில் பந்து இருக்கும்போது அவரை நெருங்கி, யோசிக்க நேரம் இல்லாமல் செய்வது. பத்திரிகைகளில் அழுத்தம் என்று எழுதுகிறார்கள். எனக்கு நெருக்குவது என்ற சொல்தான் கையில் உட்காருகிறது.

முதல் வாரம் நான் குறித்ததில் பாதி தப்பு. எங்கள் ஷிப்டைப் பார்த்துக்கொண்டவர் ஆத்தூர்க்காரர். என் திரையைப் பார்த்துவிட்டு, "பந்து எங்க இருக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும் மேடம். அது இல்லாத எடத்துல என்ன நடக்குதுன்னு பாக்கத்தான் உங்களுக்குச் சம்பளம்" என்றார். அன்றிலிருந்து பந்து இருக்கும் பக்கத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு மற்ற பக்கத்தைப் பார்த்துப் பழகினேன். சில நாட்கள் தலை வலித்தது. பிறகு ஒருநாள் கையை எடுத்த பிறகும் கண் பந்துக்குப் போகவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த ஆட்டம் பிடிபடத் தொடங்கியது. எதிர் அணியின் தடுப்பாட்டக்காரரிடம் பந்து போகிறது. முன்னால் நிற்பவர் அவரை நோக்கி ஓடுகிறார். ஆனால் நேர்கோட்டில் ஓடுவதில்லை, ஒரு வளைவாக ஓடுகிறார். அப்படி ஓடும்போது மைதானத்தின் ஒரு பாதி அவர் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. பந்து வைத்திருப்பவர் அந்தப் பக்கம் பாஸ் கொடுக்க முடியாது. மிச்சம் இருப்பது ஒரே பக்கம். அங்கே ஏற்கெனவே மூன்று பேர் நகரத் தொடங்கியிருப்பார்கள். பந்து அங்கே போய்ச் சேரும்போது வாங்கியவருக்குப் பக்கக்கோட்டைத் தவிர வேறு துணை இருக்காது. பந்தைப் பறித்துவிடுவார்கள். பறித்த அடுத்த சில நொடிகளுக்குள் கோலை நோக்கிப் போய்விடுவார்கள், ஏனென்றால் பந்தை இழந்த அணி அப்போது தாக்குவதற்காக அகலமாக விரிந்து நிற்கும். சேர்ந்து நிற்க அதற்கு அவகாசம் இருக்காது. கோல் போட்டவரைத் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். முதலில் வளைந்து ஓடியவர் பந்தைத் தொட்டுக்கூட இருக்க மாட்டார்.

என் பெற்றோர் வீடு திருச்செங்கோடு பக்கம் தோட்டத்துக்குள் இருக்கிறது. விருந்தாள் வந்தால் நாட்டுக்கோழி பிடிக்க வேண்டும். நேராக ஓடினால் கோழி ஒருநாளும் சிக்காது. கையை விரித்துக்கொண்டு, ஒரு பக்கத்தை அடைத்து, வேலி மூலைக்கு ஒதுக்க வேண்டும். மூலையில் இன்னொருவர் குனிந்து நிற்க வேண்டும். ஐரோப்பிய மைதானங்களில் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதேதான் என்று நான் ஆபீசில் சொன்னேன். கொஞ்சநாள் எங்கள் வரிசையில் எல்லாரும் பிரெஸ்ஸிங்கைக் கோழி பிடிக்கிறது என்றே சொன்னோம்.

இப்போது மைதானத்தைச் சுற்றி வைத்த கேமராக்களே பெரும்பாலானவற்றைக் குறித்துவிடுகின்றன. அவை குறித்ததைச் சரிபார்ப்பதுதான் எங்கள் வேலை. ஒருவர் நெருக்க ஓடுகிறாரா, தண்ணீர் பாட்டில் எடுக்க ஓடுகிறாரா என்பதில் இயந்திரத்துக்கு இன்னும் கொஞ்சம் தடுமாற்றம் உண்டு.

என் கணவர் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார், ஒரு பங்காளியோடு சேர்ந்து. நாமக்கல்லில் அது ஒன்றும் அதிசயத் தொழில் இல்லை. எங்கள் தெருவிலேயே நாலு பேர் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள். பல பட்டறைகளில் வேலை செய்கிறவர்கள் சேர்ந்து ஒரு கால்பந்து அணி வைத்திருக்கிறார்கள். வெல்டர்கள், பெயின்டர்கள், எலெக்ட்ரீஷியன்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆடுவார்கள். என் கணவர்தான் முன்னால் ஆடுகிறவர். நாற்பதை நெருங்குகிறார். ஓட்டம் குறைந்திருக்கிறது, உதை குறையவில்லை. அந்த அணி போட்ட கோல்களில் பெரும்பகுதி அவருடையது, அதை அவர் மறப்பதில்லை.

சனிக்கிழமை பொழுது சாய்ந்து இங்கிலாந்து ஆட்டம் டிவியில் வந்தால் அவர் சோபாவின் நுனியில் உட்கார்ந்து கத்துவார். நான் துணி மடித்துக்கொண்டு பார்ப்பேன். ஒருமுறை அவருக்குப் பிடித்த அணி ஒரு கோல் போட்டது. குதித்து எழுந்தார்.

"பாத்தியா, எப்புடி அடிச்சான்னு!"

"அடிச்சவரு சும்மா காலை வெச்சாருங்க. அக்கட்டால ஓடுனாரே அந்தக் குட்டையானவரு, அவருதான் ரெண்டு பேரை இழுத்துட்டுப் போனாரு."

"எவன்?"

ரீப்ளேயில் காட்டினேன். பார்த்தார். "அவன் பந்தைத் தொடவே இல்லையே" என்றார். ஆமாங்க என்றேன்.

அந்த வருஷம் நாமக்கல்லில் ஒரு போட்டி நடத்தினார்கள். அதற்கு முன்னால் சேலத்திலிருந்து ஒரு கல்லூரியின் பழைய மாணவர் அணி வந்து நட்பு ஆட்டம் ஆடியது. பட்டறை அணி நாலு கோல் வாங்கித் தோற்றது. என் கணவர் வீட்டுக்கு வந்து, செம்மண் ஒட்டிய பூட்ஸை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வெகுநேரம் குளித்தார். சாப்பிடும்போது கேட்டார்.

"அடுத்த வாரம் நீ ஒருக்கா வந்து பாக்கறியா? எங்க தப்புன்னு தெரியோணும்."

"பாத்துட்டுச் சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"நானென்ன சின்னப் பையனா?"

நான் போனேன். என் மாமியாருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "ஆம்பளைங்க பந்து ஆடற எடத்துல உனக்கென்னம்மா சோலி?" என்றார். "ஆபீஸ் வேலைதானுங்க அத்தை" என்றேன். பொய் என்று சொல்ல முடியாது.

படிக்கட்டு வரிசையில் உயரமான இடமாகப் பார்த்து உட்கார்ந்து போனில் வீடியோ எடுத்தேன். தப்பைக் கண்டுபிடிக்க முதல் பாதிகூடத் தேவைப்படவில்லை. ஒவ்வொருவரும் நன்றாகத்தான் ஓடினார்கள், ஆனால் தனித்தனியாக ஓடினார்கள். ஒருவர் ஓடி முடித்து மூச்சு வாங்கும்போது அடுத்தவர் ஓடத் தொடங்கினார். எதிரணி நிதானமாகப் பாஸ் போட்டுக்கொண்டே போனது. பதினொரு பேரும் களைத்துப் போனதுதான் மிச்சம்.

ஆட்டம் முடிந்து வேப்பமரத்து நிழலில் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது என் கணவர் என்னைப் பேசச் சொன்னார். ஓடுவதில்தான் தப்பு இருக்கிறது என்று தொடங்கினேன். கோல் கீப்பர் ஒரு வெல்டர், முப்பது வயதுக்குள் இருக்கும், அவர்தான் முதலில் கேட்டார்.

"அக்கா, வாரம் பூராக் குனிஞ்சு வெல்டிங் அடிச்சிட்டு வாரோம். இன்னும் ஓடச் சொன்னா எப்புடிங்க?"

"கம்மியா ஓடச் சொல்றேன் தம்பி. ஆனா சேந்து ஓடோணும்."

கோழி பிடிக்கிற கதையைச் சொன்னேன். சிரித்தார்கள், ஆனால் உடனே புரிந்துகொண்டார்கள். எப்போது ஓடுவது என்பதுதான் முக்கியம் என்றேன். எதிராளி பந்தைச் சரியாக நிறுத்தாமல் அது காலை விட்டுத் தள்ளிப் போனால் ஓடலாம். நம் கோல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு பந்து வாங்கினால் ஓடலாம், அவருக்கு முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார் என்று தெரியாது. மற்ற நேரம் அவரவர் இடத்தில் நின்றால் போதும்.

"மொதல்ல யாரு ஓடறது?" என்றார் தடுப்பாட்டத்தில் நடுவில் நிற்பவர். அவர் பெயின்டர், அணியிலேயே மூத்தவர், என் கணவருக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி.

"இவருதான்" என்று என் கணவரைக் காட்டினேன்.

என் கணவர் கேட்டார்: "நான் ஓடி அவன்கிட்டப் பந்தைப் புடுங்கோணும், அப்புடித்தானே?"

"இல்லீங்க. நீங்க புடுங்கப் போகக்கூடாது. வளைஞ்சு ஓடி ஒரு பக்கத்தை மூடோணும். புடுங்கறது பின்னாடி வாரவங்க."

"அப்ப பந்து எனக்கு வராதா?"

"அநேகமா வராதுங்க."

பெயின்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு மூன்று நாள் கழித்து, பட்டறையில் இருந்து வந்தவர் என் லேப்டாப்பைத் தானே எடுத்து வைத்து, "டிவியில அந்தக் குட்டையானவன் ஓடுனானே, அதைத் தேடி இன்னொருக்காப் போடு" என்றார். வளைந்து ஓடும்போது முதல் அடியை எந்தப் பக்கம் வைக்கிறார் என்று பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு வளைவு போட்டு அதன் மேல் ஓடிப் பழகினார். அவருக்கு ஒரு வேலையைச் சரியாகச் செய்வது பிடிக்கும். லாரி பாடியில் மரப்பலகைக்கும் இரும்புக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் கழற்றிவிட்டு மறுபடி அடிப்பவர்.

போட்டியின் முதல் ஆட்டத்தில் எல்லாம் குழப்பம். ஆர்வத்தில் எல்லா நேரமும் ஓடினார்கள், கடைசிக் கால் மணி நேரம் நடக்கக்கூட முடியவில்லை. எப்படியோ ஒரு கோலில் ஜெயித்தார்கள். அரையிறுதியில்தான் நான் சொன்னது நான் சொன்னபடி நடந்தது. எதிரணித் தடுப்பாட்டக்காரர் காலில் பந்து கொஞ்சம் துள்ளியது. என் கணவர் அந்தச் சுண்ணாம்பு வளைவு அங்கே இருப்பது போலவே ஓடினார். பந்து பக்கக்கோட்டுப் பக்கம் போனது. மூன்று பேர் மூடினார்கள். எலெக்ட்ரீஷியன் ஒருவர் பறித்து, ஒரு பாஸ் கொடுத்துத் திரும்ப வாங்கிக் கோல் போட்டார். கூட்டம் எலெக்ட்ரீஷியனைத் தூக்கியது. என் கணவர் தூரத்தில் இடுப்பில் கைவைத்து நின்று என் பக்கம் பார்த்தார். நான் தலையசைத்தேன். ஆபீசில் எத்தனையோ ஆட்டத்தில் இதைக் குறித்திருக்கிறேன், இருக்கையை விட்டு எழுந்ததில்லை. அன்றைக்கு எழுந்து நின்றேன்.

இறுதி ஆட்டம் அந்தச் சேலம் கல்லூரி அணியோடு. அவர்களுக்கு முன்வரிசையில் நெட்டையாக ஒருவர் இருந்தார், நல்ல வேகம். நம் ஆட்கள் நெருக்க முன்னேறியதும் அவர்கள் சின்னப் பாஸை விட்டுவிட்டு நீளமாகத் தலைக்கு மேல் அடித்தார்கள். நெட்டையானவர் ஓடிப் பிடித்தார். இடைவேளைக்குள் ஒரு கோல் விழுந்துவிட்டது. மேலிருந்து பார்த்த எனக்குக் காரணம் தெளிவாகத் தெரிந்தது. முன்னால் இருப்பவர்கள் ஏறிப் போகிறார்கள், பெயின்டரும் மற்றவர்களும் பயத்தில் பின்னாலேயே நிற்கிறார்கள். நடுவில் ஒரு டாரஸ் லாரியைக் குறுக்கே நிறுத்தலாம் போல இடம்.

இடைவேளையில் கீழே இறங்கிப் போனேன். "பின்னாடி இருக்கறவங்க மேல ஏறி வரோணுங்க" என்றேன்.

பெயின்டர் தலையை ஆட்டினார். "ஏறி வந்தா முதுகுக்குப் பின்னாடி எடம் கெடக்கும் அம்மிணி. அவன் பறந்துருவான். எனக்கு அந்தக் கால் இல்ல."

அவர் சொன்னதும் சரிதான். ஐரோப்பாவில் அந்த இடத்தில் நிற்பவர் இருபத்தைந்து வயதுக்காரர், பின்னால் போகும் பந்தை வெளியே வந்து உதைக்கக் கோல் கீப்பரும் இருப்பார். எங்கள் பெயின்டருக்கு முழங்கால் வலிக்குக் கட்டிய பட்டை. அதனால் வேறு வழி சொன்னேன். "அப்படீன்னா முன்னாடி இருக்கறவங்க இறங்குங்க. நெருக்க வேண்டாம். நடுக்கோட்டுக்கிட்ட நின்னுக்கலாம்."

என் கணவருக்கு அது பொறுக்கவில்லை. அரையிறுதியில் ஜெயித்துக் கொடுத்த ஆட்டம், அவர் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட ஆட்டம். "இப்பப் போயி பயந்து நிக்கச் சொல்றியா?" என்றார்.

"பயந்து இல்லீங்க..."

"நீ ஆபீசுல ஏசியில உக்காந்து படம் பாக்கற. வெயில்ல ஓடறது நாங்க." எல்லார் முன்னாலும் சொன்னார். கோல் கீப்பர் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டத் தொடங்கினார்.

நான் படிக்கட்டுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தேன். வீடியோ எடுப்பதை நிறுத்தவில்லை. மூன்றுக்கு ஒன்று என்று தோற்றார்கள். பைக்கில் வீட்டுக்கு வரும் வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தியபோது இறங்கி நின்றேன், மறுபடி ஏறினேன், அவ்வளவுதான்.

அந்த வாரம் வீட்டில் குழம்பு, ரசம், மின்சாரக் கட்டணம் பற்றித்தான் பேசிக்கொண்டோம். நான் ஆபீசில் செய்வது போல அந்த இறுதி ஆட்டத்தை வீட்டு லேப்டாப்பில் போட்டுக் குறித்துக்கொண்டிருந்தேன். கோபத்தில் செய்ததுதான், ஆனால் குறிக்கும்போது கோபம் நிற்காது. வெள்ளிக்கிழமை காபி டம்ளரோடு வந்து பின்னால் நின்றார்.

"அது நானா?"

"ஆமாங்க."

திரையில் அவர் வளைந்து ஓடினார். மிகச் சரியான ஓட்டம். ஐரோப்பாவில் ஓடியிருந்தால் பயிற்சியாளர் கைதட்டியிருப்பார். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. அடுத்த ஓட்டமும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

"நான் தப்பா ஓடலயே" என்றார்.

"இல்லீங்க. நீங்க சரியாத்தான் ஓடுனீங்க. பின்னாடி வர முடியாத எடத்துல அவங்க இருந்தாங்க. தனியா ஓடுனா அவனுங்களுக்குத்தான் சௌகரியம்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முழு ஆட்டத்தையும் பார்த்தார். காபி ஆறிப் போனது. முடிந்ததும் போனை எடுத்துப் பெயின்டரைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வாடா, ஒண்ணு காட்டோணும்" என்றார். பிறகு என்னிடம், "அன்னிக்குப் பேசுனது பேச்சில்ல" என்றார். எங்கள் வீட்டில் மன்னிப்புக்கு அதற்கு மேல் வார்த்தை கிடையாது. நான் காபியைச் சூடு பண்ணிக் கொடுத்தேன்.

சில வாரம் கழித்து எனக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் அந்தச் சேலம் கல்லூரியின் பிசிக்கல் டைரக்டர், எங்களைத் தோற்கடித்த அணியைத் தயார் செய்தவர். இறுதி ஆட்டத்தில் என்னைப் பார்த்திருக்கிறார், யார் என்று விசாரித்திருக்கிறார்.

"எங்க பொண்ணுங்க டீம் யுனிவர்சிட்டி மேட்ச்சுக்குப் போவுது மேடம். ஓடறாங்க, ஒதைக்கறாங்க, ஆனா யோசிக்க ஆள் இல்ல. ஞாயித்துக்கெழம மட்டும் வர முடியுமா?"

கணவரிடம் சொன்னேன். பட்டறை அணியின் ஆட்டமும் ஞாயிற்றுக்கிழமைதான். கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வா. ஆனா எங்க டீமைப் பத்தி அங்க ஒண்ணும் சொல்லப்படாது."

"அங்க நடக்கறதை இங்கயும் சொல்ல மாட்டேனுங்க."

"அது நாயம்" என்றார்.

அந்தப் பெண்கள் எடப்பாடி, ஓமலூர், ராசிபுரம் பக்கமிருந்து வந்து படிக்கிறவர்கள். பாதிப்பேர் பள்ளியில் கபடி ஆடியவர்கள், அதனால் சேர்ந்து வளைப்பது அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவர்களுடைய கஷ்டம் வேறு. பந்து காலுக்கு வந்ததும் பயந்து உடனே உதைத்துவிடுவார்கள். அதற்காக ஐரோப்பிய அணிகள் செய்யும் ஒன்றை எடுத்துக்கொண்டேன். தடுப்பாட்டக்காரர் பந்தின் மேல் உள்ளங்காலை வைத்துச் சும்மா நிற்பார். பார்க்கிறவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பது போலத் தெரியும். எதிரணிக்காரருக்குக் கை அரிக்கும், ஓடி வருவார். அவர் கிளம்பி வந்ததும் அவர் விட்ட இடம் காலியாகிவிடும். பந்தை அங்கே தள்ளிவிட்டால் ஒரே பாஸில் எதிரணியின் ஒரு வரிசையே பின்தங்கிவிடும். நெருக்குவதற்கு எதிராக அவர்கள் கண்டுபிடித்த மருந்து அது. முதலில் அந்தப் பெண்களால் எதிராளி வரும்வரை நிற்க முடியவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. போகப்போக நின்றார்கள். யுனிவர்சிட்டி ஆட்டங்களில் இரண்டு சுற்று ஜெயித்துப் பிறகு தோற்றார்கள். டைரக்டருக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

அடுத்த வருஷம் நாமக்கல் போட்டியின் அரையிறுதியில் பட்டறை அணியும் சேலம் பழைய மாணவர் அணியும் மோதுவது என்று முடிவானது. டைரக்டர் என்னிடம் மெதுவாகக் கேட்டார், "உங்க வீட்டுக்காரர் டீமை எப்புடி ஒடைக்கறது மேடம்?"

"அதை மட்டும் என்கிட்டக் கேக்காதீங்க சார்."

அவர் சிரித்து விட்டுவிட்டார். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்ததை அவருடைய பழைய மாணவர் அணி அடுத்த மைதானத்தில் பழகிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். உள்ளங்காலைப் பந்தின் மேல் வைத்து நின்றுகொண்டிருந்தார்கள். அவருடைய அணி, அவருடைய உரிமை. வீட்டுக்கு வந்தேன். என் கணவர் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அங்கே எப்படி என்று கேட்டார். நல்ல வெயில் என்றேன். அன்றைக்கு அவருக்குப் பரிமாறும்போது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லவில்லை.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் அது நடந்தது. சேலத்துத் தடுப்பாட்டக்காரர் பந்தின் மேல் காலை வைத்து நின்றார். கூட்டம் கத்தியது. என் கணவர் ஓடினார், அழகாக வளைந்து. மற்ற மூன்று பேரும் கூடவே ஏறினார்கள், அதையும் சரியாகவே செய்தார்கள். பந்து அவர்களைத் தாண்டி நடுவில் காலியான இடத்துக்குப் போனது. அங்கிருந்து நெட்டையானவருக்கு. கோல்.

மறுபடியும் அதே தடுப்பாட்டக்காரர் காலை வைத்து நின்றார். என் கணவர் ஓடக் கிளம்பி, இரண்டடி வைத்து, நின்றுவிட்டார். கையை உயர்த்திப் பின்னால் இருந்தவர்களையும் நிறுத்தினார். ஏழெட்டு அடி தள்ளி நின்று அந்த ஆளையே பார்த்தார். அவர் நின்றார், இவரும் நின்றார். கூட்டத்துக்கு ஆத்திரம் வந்தது. "ஏய், ஓடுப்பா! பஸ்ஸுக்கா நிக்கற?" என்று என் பக்கத்தில் ஒருவர் கத்தினார். விசில், கூச்சல், சிரிப்பு. என் கணவர் அசையவில்லை. கூட்டம் கைதட்டினால் குளிர்ந்து போகிற மனிதர் அவர், அந்தக் கூச்சலில் நின்றுகொண்டிருந்தார். அப்படி நிற்பதைக் குறிக்க எங்கள் ஆபீஸ் கணக்கில் இடமில்லை. நான் போனை மடியில் வைத்துவிட்டுப் பார்த்தேன்.

முதல் பாதி பூராவும் இப்படியே போனது. பார்க்க வந்தவர்களில் சிலர் எழுந்து டீ குடிக்கப் போனார்கள். இரண்டாம் பாதியில் கேலி அந்தப் பக்கம் திரும்பியது. காலை வைத்து நின்ற சேலத்துக்காரரைப் பார்த்துக் கூட்டம் ஊளையிட்டது. அவர் கடைசியில் பொறுமை இழந்து பந்தைத் தானே உருட்டிக்கொண்டு முன்னேறினார். பந்து காலை விட்டுக் கொஞ்சம் விலகியது. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. என் கணவர் ஒரு பக்கத்தை மூட, எலெக்ட்ரீஷியனும் மற்றவர்களும் விழுந்து பறித்து, ஒன்றுக்கு ஒன்று. அதன் பிறகு கோல் இல்லை. பெனால்டியில் பட்டறை அணி தோற்றது. என் கணவர் தன் பெனால்டியைப் போட்டார். எலெக்ட்ரீஷியன் தவறவிட்டார், என் கணவர்தான் அவர் தோளில் கை போட்டுக் கூட்டிவந்தார்.

வெளியே பைக் நிறுத்திய இடத்தில் கரும்புச்சாறு வாங்கிக் குடித்தோம். உதட்டைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்தக் காலை வெச்சு நிக்கறது, நீ சொல்லிக் குடுத்ததா?"

"பொண்ணுங்களுக்குத்தானுங்க சொல்லிக் குடுத்தேன். இவங்க பாத்து எடுத்துக்கிட்டாங்க."

"உனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியுமுங்க."

டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு சொன்னார்: "சொல்லியிருந்தீன்னா நான் மொதத் தடவையே நின்னிருப்பேன். ஆனா ஏன் நிக்கறேன்னு தெரியாம நின்னிருப்பேன்."

"மொதத் தடவ ஏன் ஓடுனீங்க?"

"அவன் பயந்து நிக்கற மாதிரித் தெரிஞ்சுது."

"அப்படித் தெரியோணும்னுதானுங்க நிக்கறது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கரும்புச்சாறுக்காரர் என்ன என்பது போலப் பார்த்தார்.

"வேறெதாவது தப்பு?" என்றார்.

"ரெண்டாம் பாதியில ஒருக்கா சீக்கிரமாக் கெளம்பிட்டீங்க. வலது பக்கம்."

"எது? த்ரோவுக்கு அப்புறமா?"

"அதுக்கு முன்னாடி."

"அது எனக்கே தெரியும்" என்றார். இன்னொரு டம்ளர் வாங்கி இரண்டாகப் பங்கிட்டுக் குடித்துவிட்டு, பெயின்டரின் முழங்காலுக்கு மருந்து வாங்க வேண்டும் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டியைத் திருப்பினார்.